கூடங்குளத்தையும் அனல் நிலையங்களையும் மூடிவிட்டு சோலார், காற்றாலை, பேட்டரி மட்டும் போதுமா?

கேள்வி இதுதான்: தமிழ்நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, காற்றாலை 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது, பேட்டரி விலையும் விழுந்துவிட்டது. பிறகு எதற்கு நிலக்கரியும் கூடங்குளமும்?

சுருக்கமான பதில்: சாயங்காலம் ஆறு மணி முதல் பத்து மணி வரைக்கான மின்சாரத்தை இன்றைய விலையிலேயே பேட்டரிக்கு மாற்றலாம், மாற்றவும் வேண்டும். நிலக்கரியில் பெரும்பகுதியைப் படிப்படியாகக் குறைக்கலாம். மழைக்கால மந்தார வாரங்களுக்குப் பேட்டரி விடையல்ல. கூடங்குளத்தில் ஏற்கெனவே ஓடும் இரண்டு உலைகளும் இந்த வரிசையில் கடைசியில்தான் வரும். ஏன் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மெகாவாட் என்பது ஒரு நொடியில் எவ்வளவு வேகமாக மின்சாரம் பாய்கிறது என்பது. மெகாவாட்-மணி என்பது மொத்தம் எவ்வளவு பாய்ந்தது என்பது. ஒரு மெகாவாட்-மணி என்றால் ஆயிரம் யூனிட். செய்தித்தாளில் "500 மெகாவாட் பேட்டரி" என்று மட்டும் போட்டால் அது பாதிச் செய்தி. இரண்டு மணி நேரம் ஓடுமா, நான்கு மணி நேரமா என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது. கூடங்குளத்தின் 2,000 மெகாவாட்டையும் ஒரு சோலார் பூங்காவின் 2,000 மெகாவாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் இதே தவறுதான்.

இப்போது கூடங்குளம். இரண்டு உலைகள், தலா 1,000 மெகாவாட். எரிபொருள் மாற்றும் நிறுத்தம், பழுது எல்லாம் கழித்து 85 சதவீதம் ஓடுகிறது என்று வைத்தால் நாளொன்றுக்குச் சராசரியாக 4 கோடியே 8 லட்சம் யூனிட். இதில் தமிழ்நாட்டுக்கு வருவது ஏறக்குறைய பாதி, மீதி கேரளம், கர்நாடகம், புதுச்சேரிக்குப் போகிறது. அதை இப்போதைக்கு விட்டுவிடலாம், மொத்தத்துக்கே கணக்குப் போடுவோம்.

ஒரு மெகாவாட் சோலார், ராமநாதபுரம் வெயிலில், ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4,500 யூனிட் தரும். சூரியன் நன்றாக இருக்கும் ஏழு மணி நேரத்துக்கு, கூடங்குளத்தின் சராசரியான 1,700 மெகாவாட்டை நேரடியாகக் கொடுத்துவிடலாம். அது 1 கோடியே 19 லட்சம் யூனிட். மீதி 2 கோடியே 89 லட்சம் யூனிட் பேட்டரி வழியாகத்தான் வர வேண்டும். பேட்டரியில் போட்டு எடுப்பதில் நூற்றுக்குப் பதினான்கு போகும் என்று வைத்தால், போட வேண்டியது 3 கோடியே 36 லட்சம். ஆக, பகலில் 4 கோடியே 55 லட்சம் யூனிட் உற்பத்தி ஆக வேண்டும். 4,500ஆல் வகுத்தால் 10,100 மெகாவாட் சோலார். கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் பூங்கா சுமார் 2,500 ஏக்கர் எடுத்தது. அதே விகிதத்தில் இதற்கு ஏறக்குறைய 39,000 ஏக்கர் வேண்டும். பேட்டரியை முழுக்கக் காலி செய்ய முடியாது, வருடாவருடம் தேயவும் செய்யும். அதற்கும் இடம் விட்டால் 32,000 மெகாவாட்-மணியாவது வாங்க வேண்டும். இப்போது சந்தையில் வரும் இருபதடி கன்டெய்னர் ஒன்றில் 5 மெகாவாட்-மணி அடங்கும். அப்படியென்றால் 6,400 கன்டெய்னர்.

இது முடியாத காரியமா என்றால், இல்லை. கலிபோர்னியாவில் 2019இல் ஆயிரம் மெகாவாட்டைக்கூடத் தொடாத பேட்டரி 2024இல் 13,000 மெகாவாட்டைத் தாண்டியது. 2024 ஏப்ரலில் ஒரு சாயங்காலம் அந்த மாநில மின்தொகுப்புக்கு அதிக மின்சாரம் கொடுத்தது பேட்டரிதான், கேஸ் நிலையங்கள்கூட அதற்குப் பின்னால்தான் நின்றன. ஆனால் மேலே போட்ட கணக்கு ஒரு விஷயத்தை மறைக்கிறது. அது சராசரி நாளின் கணக்கு. தமிழ்நாட்டுத் தொகுப்பில் சராசரி நாள் என்று ஒன்று வருவதே இல்லை.

மாதவாரியாகப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மே கடைசியில் கிளம்பி ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்கள் வழியாகச் செப்டம்பர் வரை அடிக்கும். 2022 ஜூலையில் ஒரே நாளில் காற்றாலைகள் 12 கோடி யூனிட் கொடுத்தன. ஜனவரியில் அதே காற்றாலைகள் ஒரு கோடியைத் தொடாத நாட்களும் உண்டு. இந்தக் காற்றில் இன்னொரு நல்ல குணம், பிற்பகலுக்கு மேல் வலுத்து ராத்திரியிலும் ஓடும். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் சோலார், இரவில் காற்று என்று ஜோடி தானாகவே அமைந்துவிடுகிறது. அந்த நான்கு மாதம் பேட்டரிக்கு வேலை குறைவு.

தேவை உச்சத்துக்குப் போவது ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும். இதுவரையிலான பெரிய உச்சங்களில் ஒன்றான 20,830 மெகாவாட் 2024 மே 2 அன்று வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு நாள் நுகர்வு 45 கோடி யூனிட்டைத் தாண்டியது. காற்று இன்னும் வரவில்லை, வெயில் கொளுத்துகிறது, ஏ.சி. நடுராத்திரி தாண்டியும் ஓடுகிறது. இந்த ஆறேழு வாரம் சோலாரும் பேட்டரியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைக்கு அச்சாகப் பொருந்தும். பகலில் உபரி நிச்சயம், இரவில் பற்றாக்குறை நிச்சயம், தினமும் ஒரு சுற்று, அதாவது ஒருமுறை ஏற்றி ஒருமுறை இறக்குவது.

சிக்கல் நவம்பர், டிசம்பரில். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று நின்றுவிட்டால் நான்கைந்து நாள் மாநிலம் முழுக்க மேகம். சோலார் வழக்கத்தில் கால்பங்குக்கு இறங்கும். கணவாய்களில் காற்றும் இருக்காது. நல்ல வேளையாக அப்போது தேவையும் குறைவு, பம்புசெட்டும் ஏ.சி.யும் ஓய்ந்திருக்கும். அப்படியும் ஒரு நாளைக்கு 12 கோடி யூனிட் துண்டு விழுகிறது என்று வைத்துக்கொண்டால் ஐந்து நாளைக்கு 60 கோடி யூனிட். அதைப் பேட்டரியில் வைக்க 1 லட்சத்து 20 ஆயிரம் கன்டெய்னர் வேண்டும். கன்டெய்னர் கிடைக்குமா என்பதைவிட, அதற்கு யார் காசு கொடுப்பது என்பதே பெரிய கேள்வி.

காசுக்கு வருவோம். இந்தியாவில் பேட்டரியை மின்வாரியங்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கின்றன. ஒரு மெகாவாட், இரண்டு மணி நேரம், மாத வாடகை இவ்வளவு என்று டெண்டர். 2022இல் மத்திய அரசின் சூரிய ஆற்றல் கழகம் விட்ட முதல் பெரிய டெண்டரில் மெகாவாட்டுக்கு மாதம் ரூ.10.84 லட்சம் வந்தது. 2025 டெண்டர்கள் பலவற்றில் அது ரூ.2 லட்சத்தைச் சற்றே தாண்டி நின்றது. மத்திய மானியம் சேர்ந்தவையும் இதில் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது. ரூ.2.2 லட்சம் என்று எடுத்துக்கொண்டு வகுத்துப் பார்க்கலாம். நாளுக்கு ஒரு சுற்று, 2,000 யூனிட், மாதம் 60,000 யூனிட். யூனிட்டுக்கு வாடகை சுமார் ரூ.3.70. உள்ளே போட்ட சோலார் மின்சாரம் ரூ.2.50 என்றால், இழப்போடு சேர்த்து ரூ.2.95. கூட்டினால் ரூ.6.65. நாளுக்கு இரண்டு சுற்று ஓட்ட முடிந்தால், அதாவது காலையில் ஒன்று மாலையில் ஒன்று, வாடகைப் பங்கு பாதியாகி ரூ.4.80க்கு இறங்கும். 2022 வாடகையில் இதே ஒரு சுற்றுக் கணக்கு வாடகை மட்டுமே 18 ரூபாய்.

மின் சந்தையில் ஒரு யூனிட்டின் உச்சவரம்பு 10 ரூபாய். கோடைச் சாயங்காலங்களில் விலை அந்த வரம்பில் போய் ஒட்டிக்கொள்வது வழக்கம். நண்பகலில் அதே சந்தையில் 2 ரூபாய்க்கும் கீழே கிடைக்கும். எனவே மாலை நான்கு மணி நேரத்துக்கு ரூ.6.65 மின்சாரம் லாபம்தான், விவாதத்துக்கே இடமில்லை. இதே பேட்டரியை வருடத்தில் பத்து மந்தார நாளுக்கு மட்டும் வைத்திருந்தால்? ஆண்டு வாடகை ரூ.26.4 லட்சம், கிடைப்பது 20,000 யூனிட். யூனிட் 132 ரூபாய். பேட்டரி தினமும் வேலை செய்தால்தான் கட்டுப்படியாகும், அவ்வளவுதான் விஷயம். மந்தார வாரத்துக்குப் பழைய அனல் நிலையத்தைக் காவலுக்கு வைத்திருப்பதும், வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவருவதும் பல மடங்கு மலிவு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் 6,000 மெகாவாட் தாங்கும். காற்று சீசனில் அதே கம்பியில் எதிர்த்திசையில் நம் காற்று மின்சாரத்தை வடக்கே அனுப்பவும் முடியும்.

பேட்டரியை ஏதோ பெட்டி வாங்கி வைத்து ஒயர் மாட்டுவது போலப் பேசுபவர்கள் அதிகம். அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இன்று தொகுப்புக்கு வைப்பது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, சுருக்கமாக எல்.எஃப்.பி. இதில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. செல் என்பது அலுமினிய உறை போட்ட ஒரு செங்கல்: அகலம் 17 சென்டிமீட்டர், உயரம் 20, தடிமன் 7, எடை ஐந்தரைக் கிலோ. 3.2 வோல்ட், 314 ஆம்பியர்-மணி. பெருக்கினால் கிட்டத்தட்ட சரியாக ஒரு யூனிட். 104 செல் சேர்ந்து ஒரு பேக், நான்கு பேக் தொடராகச் சேர்ந்து ஒரு ரேக், அதாவது 416 செல், 1,331 வோல்ட். கன்டெய்னரில் இப்படிப் பன்னிரண்டு ரேக், மொத்தம் 4,992 செல். ஒவ்வொரு பேக்கின் அடியிலும் கிளைக்கால் என்ற திரவம் கலந்த தண்ணீர் ஓடும் தட்டு, ஓரத்தில் அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். வெளியே நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர், அதற்கடுத்து டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து துணை மின் நிலையம்.

இழப்பு எங்கே போகிறது? செல்லுக்குள் போட்டு எடுப்பதில் ஐந்தாறு சதவீதம். இன்வெர்ட்டரில் போக ஒன்றரை, வர ஒன்றரை. டிரான்ஸ்பார்மரில் ஒன்று, ஒன்று. சில்லர், விசிறி, கண்காணிப்புக் கருவிகளுக்கு மூன்று. எல்லாம் போக 86, 87 மிஞ்சும். திருநெல்வேலி ஏப்ரலில் சில்லர் நிற்காமல் ஓடும்போது இன்னும் குறையும். டெண்டர்கள் 85 சதவீதம் கேட்கின்றன, குறைந்தால் அபராதம். சில்லர் எடுக்கும் மின்சாரத்தைத் தனி மீட்டரில் வைத்துக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டு 90 சதவீதம் காட்டும் வித்தையும் உண்டு. ஒப்பந்தத்தில் அளவிடும் இடம் எது என்று முதலில் பார்க்க வேண்டியது அதனால்தான்.

நடைமுறையில் அதிகம் படுத்தும் கோளாறு தீ அல்ல, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பேட்டரிக்கே தெரியாமல் போவது. எல்.எஃப்.பி. செல்லின் வோல்டேஜ் 30 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏறும்போது மொத்தமே ஐம்பது மில்லிவோல்ட் அளவுக்குத்தான் மாறும். ஆகவே வோல்டேஜை வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரைக் கூட்டிக் கழித்துத்தான் மென்பொருள் கணிக்கிறது. சென்சாரில் அரை சதவீதப் பிழை இருந்தால்கூட அது நாளுக்கு நாள் சேரும். வாரக்கணக்கில் 30க்கும் 80க்கும் நடுவிலேயே ஓட்டினால், திரையில் 25 சதவீதம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பலவீனமான ஒரு செல் அடிமட்ட வோல்டேஜைத் தொட்டு ரேக்கையே டிரிப் ஆக்கிவிடும், அதாவது தானாகத் துண்டித்துவிடும். சரியாக இரவு ஒன்பது மணிக்கு, லோடு உச்சத்தில். பரிகாரம் எளிது: குறிப்பிட்ட இடைவெளியில் நூறு சதவீதம் வரை ஏற்றி, சற்று நேரம் நிறுத்தி, செல்களைச் சமன் செய்ய விட வேண்டும். சமன் செய்யும் மின்னோட்டம் பல அமைப்புகளில் 100 மில்லியாம்பியர் அளவுதான். 314 ஆம்பியர்-மணி செல்லில் ஒரு சதவீத வித்தியாசத்தைச் சரிசெய்ய முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். "சாயங்காலம் விலை பத்து ரூபாய், இன்று நிறுத்த முடியாது" என்று வணிகப் பிரிவு தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் பராமரிப்புப் பிரிவு மாட்டிக்கொள்ளும்.

தேய்மானம் நேர்கோட்டில் போகாது. முதல் வருடத்தில் நான்கு முதல் ஆறு சதவீதம் இறங்கும், பிறகு வருடத்துக்கு இரண்டு சதவீதத்தை ஒட்டி. பன்னிரண்டாவது வருடத்திலும் 1,000 மெகாவாட்-மணி வேண்டுமென்றால் முதல் நாளே 1,300க்கு மேல் வைக்க வேண்டும், அல்லது நடுவில் புதிய கன்டெய்னர்களைச் சேர்க்க இடமும் கேபிள் வழியும் முன்கூட்டியே விட வேண்டும். புதிய ரேக்கையும் பழைய ரேக்கையும் ஒரே இன்வெர்ட்டரில் இணைத்தால் பழையதன் வேகத்துக்குப் புதியதும் இழுபடும், தனி இன்வெர்ட்டர் வேண்டும். கடலோரம் என்றால் உப்புக்காற்று சில்லர் துடுப்புகளை அரிக்கும். செம்மண் காட்டில் தூசி அடைத்து விசிறி மூச்சுத்திணறும். குளிர்நீர்க் குழாயில் ஒரு சிறு கசிவு 1,300 வோல்ட் இணைப்பில் சொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் உதாரணம் இருக்கிறது. 2021 ஜூலையில் விக்டோரியா மாநிலத்தின் பெரிய பேட்டரியைச் சோதனை ஓட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, குளிர்நீர் கசிந்து மின்பொறி பறந்து, இரண்டு பெட்டிகள் எரிந்து போயின. முதலில் எரிந்த பெட்டி அன்று சாவி போட்டு அணைத்து வைக்கப்பட்டிருந்ததால் கண்காணிப்பும் பாதுகாப்புச் சுற்றுகளும் சேர்ந்தே அணைந்திருந்தன. அணைத்து வைத்தது பத்திரம் என்று நினைப்பது பேட்டரி விஷயத்தில் செல்லாது.

தீ என்றவுடன் 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் எரிந்ததைக் காட்டுவார்கள். அங்கே எரிந்தது நிக்கல் கலந்த வேறு வகைப் பேட்டரி. அதுவும் பழைய மின் நிலையத்தின் டர்பைன் கூடத்துக்குள், ஒரே கூரையின் கீழ் 300 மெகாவாட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். இன்று திறந்தவெளியில், கன்டெய்னருக்குக் கன்டெய்னர் இடைவெளி விட்டு வைப்பதன் காரணமே ஒன்று எரிந்தால் அது ஒன்றோடு முடிய வேண்டும் என்பதுதான். எல்.எஃப்.பி. அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் சூடு கைமீறினால் ஹைட்ரஜன் உட்பட எரியும் வாயுக்களை உமிழும், அது மூடிய பெட்டிக்குள் தேங்கினால் வெடிக்கும். 2019இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பேட்டரி நிலையம் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் காயம்பட்டது, கதவைத் திறந்த பிறகுதான். அதனால் வாயு உணர்கருவியும், கூரையில் அழுத்தம் வெளியேறும் தகடும் கட்டாயம். எரியும் பெட்டியைத் திறக்காமல், அது தானாக எரிந்து முடிய விட்டு, அக்கம்பக்கத்துப் பெட்டிகளைத் தண்ணீர் அடித்துக் குளிர்விப்பதே இன்றைய முறை. உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும்.

அடுத்து, அனல் நிலையமும் அணு உலையும் கொடுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சேவை. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழலி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுவதால், எங்காவது ஒரு நிலையம் திடீரென நின்றால் அதிர்வெண் மெதுவாகத்தான் விழும். மற்றவர்கள் சுதாரிக்க நேரம் கிடைக்கும். சோலாரிலும் சாதாரண இன்வெர்ட்டரிலும் அந்தக் கனம் கிடையாது. 2016 செப்டம்பரில் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுக்க இருண்டது. புயலில் உயர் அழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன, வோல்டேஜ் அடுத்தடுத்து ஆறு முறை தொய்ந்தது. இத்தனை தொய்வுக்கு மேல் விலகிவிடு என்று காற்றாலைகளுக்குள் போட்டு வைத்திருந்த ஒரு அமைப்பினால் 456 மெகாவாட் காற்று ஒரே மூச்சில் விலகியது. பக்கத்து மாநிலத் தடம் சுமை தாங்காமல் டிரிப் ஆனது. எத்தனை தொய்வு என்ற அந்த வரம்பை மாற்றியதும் காற்றாலைகள் விலகும் பிரச்சினை தீர்ந்தது. மறுவருடம் அங்கே 100 நாளைக்குள் கட்டிய ஹார்ன்ஸ்டேல் பேட்டரி, 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. பலரும் நினைப்பது போல அது மாநிலத்துக்கே இரவு மின்சாரம் கொடுக்க வைத்ததல்ல. 70 மெகாவாட்டை மாநில அரசு பத்து நிமிட அவசரத்துக்கு ஒதுக்கியது, 30 மெகாவாட்தான் வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு. அங்கே பிறகு சுழலும் கனத்துக்காகவே, மின்சாரம் தயாரிக்காத நான்கு பெரிய சுழல் இயந்திரங்களையும் நிறுவினார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த பயம் அவ்வளவாக இல்லை. 2013 கடைசியில் ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் இணைந்ததிலிருந்து தென்னகமும் வடக்கும் ஒரே அதிர்வெண்ணில் ஓடுகின்றன. 2024 மே மாதம் 250 கிகாவாட் (இரண்டரை லட்சம் மெகாவாட்) உச்சத்தைத் தொட்ட தொகுப்பு இது. கூடங்குளத்தில் ஓர் உலை டிரிப் ஆனால்கூட அதிர்வெண் லேசாகத் தள்ளாடி எழுந்துகொள்ளும். நமக்குத் தலைவலி வோல்டேஜும் கம்பியும். காற்றும் சோலாரும் தெற்குக் கடைசியில், லோடு சென்னையிலும் கோவையிலும். ஜூலை மதியத்தில் கம்பி நிரம்பிவிட்டால் காற்றாலையை நிறுத்தச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. எனவே பேட்டரியை எங்கே வைப்பது என்பது எவ்வளவு வைப்பது என்பதைப் போலவே முக்கியம். என் கணிப்பில் பாதியைக் காற்று, சோலார் மின்சாரம் திரளும் தெற்குத் துணை மின் நிலையங்களிலும், பாதியை ஓய்வு பெறும் அனல் நிலைய வளாகங்களிலும் வைப்பது நல்லது. எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடியில் பெரிய டிரான்ஸ்பார்மரும் தடமும் ஏற்கெனவே நிற்கின்றன. ஆஸ்திரேலியாவில் மூடிய லிடெல், ஹேசல்வுட் நிலக்கரி நிலையங்களின் இடத்தில் செய்ததும் இதைத்தான்.

பேட்டரிக்கு முன்னால் செய்யக்கூடிய மலிவான வேலைகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பேச்சே குறைவு. முப்பந்தலில் மிக நல்ல காற்று வீசும் இடங்களை இன்னும் தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் குட்டிக் காற்றாலைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை ஒரு மெகாவாட் அளவுக்கு வருடம் 13 லட்சம் யூனிட் கொடுத்தால், அதே இடத்தில் உயரமான புதிய இயந்திரம் 25 லட்சத்துக்கு மேல் கொடுக்கும். தடையாக இருப்பது துண்டு துண்டான உரிமையும் பழைய ஒப்பந்தங்களும்தான். இன்னொன்று, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகளை முடிந்தவரை பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் ஓட்டுவது. தண்ணீர் எப்போது இறைத்தாலும் பயிருக்கு ஒன்றுதான். மூன்றாவது, நேரவாரிக் கட்டணம். 2023 மத்திய விதி சோலார் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவாகக் கொடுக்கச் சொல்கிறது. ஐஸ் கட்டி, குளிர்பதனக் கிடங்கு, நூற்பாலை, குடிநீர் ஏற்று நிலையம் எல்லாம் விலையைப் பார்த்துத் தாமே நகரும்.

தண்ணீர் பேட்டரி நம்மிடம் ஏறக்குறைய நாற்பது வருடமாகவே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை, தலா நூறு மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள். மேல் ஆழியாறு நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவது. நூற்றுக்கு 75, 80 திரும்பக் கிடைக்கும். பேட்டரியைவிடக் குறைவு, ஆனால் அணையும் சுரங்கமும் பேட்டரிக்கு நான்கைந்து தலைமுறை தாங்கும். நீலகிரியில் குந்தா திட்டம், 500 மெகாவாட், வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மலையைக் குடைய வேண்டும், காட்டு அனுமதி வேண்டும். எட்டு மணி நேரச் சேமிப்புக்கு இதுவும், இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குப் பேட்டரியும் என்று பிரித்துக்கொள்வதே சரி.

மீண்டும் கூடங்குளம். அணு உலையைச் சாயங்காலம் ஏற்றிப் பகலில் இறக்கி ஓட்டுவதில் லாபமில்லை. எரிபொருள் செலவு சிறியது, நிலையான செலவுதான் பெரிது. குறைத்து ஓட்டினாலும் அதே காசு. எனவே பேட்டரி அதன் எதிரியும் அல்ல, உடனடி மாற்றும் அல்ல. 24 மணி நேரச் சமதள மின்சாரத்துக்குப் பதிலாக சோலாரும் பேட்டரியும் வைத்தால் மேலே சொன்ன விலையில் யூனிட் ஐந்தரை ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். ஓடிக்கொண்டிருக்கும் உலைகளின் மின்சாரம் அதைவிட மலிவு. அதனால் ஒவ்வொரு பேட்டரி ரூபாயும் முதலில் நிலக்கரியை நோக்கிப் போகட்டும். நிலக்கரி யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு, சாம்பல் வேறு. கழிவுக்காகவோ விபத்து பயத்துக்காகவோ உலையை மூட வேண்டும் என்று சொன்னால் அது தனி வாதம், மதிக்கத்தக்க வாதம், ஆனால் செலவு மிச்சமாகும் என்று அதற்குப் பூச்சு பூச வேண்டாம். ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று உலைகளையும் மூடியது. அந்த வருடம் நிலக்கரி உற்பத்தியும் விழுந்தது, மின் இறக்குமதியும் கூடியது. இரு தரப்பும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள்.

புதிய உலை கட்டுவது வேறு கணக்கு. கூடங்குளத்தின் முதல் உலைக்கு 2002இல் கான்கிரீட் ஊற்றி, 2013 அக்டோபரில்தான் தொகுப்பில் இணைந்தது. மூன்றாவது உலைக்கு 2017இல் ஊற்றினார்கள், 2025 வரையிலும் மின்சாரம் வரவில்லை. அந்த இடைவெளியில் பேட்டரி வாடகை ஐந்தில் ஒரு பங்கானது. இன்றைக்குப் புதிதாக முடிவெடுப்பவர் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அதே நேரத்தில் செல்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வித்தியாசம்: நிலக்கரிக் கப்பல் நின்றால் அதை நம்பிய அனல் நிலையம் வாரங்களில் அணையும். செல் கப்பல் நின்றால் புதியது வராது, இருப்பது பதினைந்து வருடம் ஓடும்.

வீட்டுக் கூரையைப் பற்றியும் கேட்பீர்கள். 3 கிலோவாட் வைத்தால் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட், மத்திய மானியம் ரூ.78,000. சாதாரண இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனதும் வெயில் அடித்தாலும் அதுவும் நின்றுவிடும், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட்டால் ஓடும். கரண்ட் கட்டு அதிகமில்லாத ஊரில் வீட்டுப் பேட்டரிக்குப் போடும் காசு திரும்ப வருவது கடினம். துணை மின் நிலையத்தில் வைக்கும் பேட்டரி அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும்.

மாநிலத்துக்கு என்று ஒரு முதல் கட்ட அளவு சொல்ல வேண்டுமென்றால் 2,000 மெகாவாட், நான்கு மணி நேரம், அதாவது 8,000 மெகாவாட்-மணி. தேய்மானத்துக்குச் சேர்த்து 2,100 கன்டெய்னரை ஒட்டி வரும். உத்தரவு கொடுத்ததிலிருந்து ஒன்றரை, இரண்டு வருடத்தில் ஓட்டிவிடலாம். கோடைச் சாயங்காலச் சந்தைக் கொள்முதலில் பெரும்பகுதியை அது விழுங்கும், மிகப் பழைய அனல் யூனிட்டுகளைத் தினசரி ஓட்டத்திலிருந்து காவல் பணிக்கு மாற்றலாம். அப்படி ஒரு டெண்டர் வந்தால் அதில் நான்கு எண்களைத் தேடுங்கள்: எத்தனை மெகாவாட்-மணி, நாளுக்கு எத்தனை சுற்று, எந்த மீட்டரில் அளந்து எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கும், பன்னிரண்டாவது வருடத்தில் எவ்வளவு கொள்ளளவுக்கு உத்தரவாதம். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் விலையை மற்ற டெண்டரோடு ஒப்பிட முடியாது.